மண்ணின் மைந்தருக்கு ஒரு படையல்

இலை மடிந்திருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் உஷா அதை விரித்தபடிதான் வைத்துவிட்டுப் போனாள். ஒரு கை சோறு, பாவற்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, இரண்டு உளுந்து வடை, ஓரத்தில் கொஞ்சம் பாயாசம். இப்போது சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. மண்டபத்து மேசையில் வெறும் இலைதான் கிடந்தது. நடு நரம்போடு சீராக, வாசல் பக்கம் தள்ளி மடித்திருந்தார்கள். சாப்பிட்டவர் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, செத்த வீட்டில் மடிக்கிற மாதிரி எதிர்ப்பக்கம் மடித்திருக்க வேண்டும். சுவர்ப் பக்கம் கதிரையே கிடையாது. விரல் நுனியால் இலையைத் திறந்து பார்த்தாள். ஒரு பருக்கை இல்லை. கறிவேப்பிலையைக்கூட ஒதுக்கி வைக்கவில்லை. எலி தின்னும், சரி. எலி இலையை மடிக்குமா?

படைத்ததை எடுத்து வெளியே காகத்துக்கு வைத்திருக்க வேண்டும். ஆக்லாந்தில் காகத்துக்கு எங்கே போவது? மற்ற வருடங்களில் மைனாவும் கடற்புறாவும் வந்து கொத்தின. அப்பாவின் பெயரைச் சொல்லி அவற்றுக்கே வைத்துவிட்டு மனதைத் தேற்றிக்கொள்வாள். இந்த முறை மழை. சனிக்கிழமை வந்து எடுக்கலாம் என்று விட்டுவிட்டுப் போனாள். சோம்பல்தான், வேறென்ன.

இலையைச் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டாள். கையில் புகையிலை மணந்தது.

மவுண்ட் வெல்லிங்டனில், டயர்க் கடைகளுக்கும் கண்ணாடி வெட்டும் தொழிற்சாலைக்கும் பின்னால் ஒளிந்திருந்த அந்த மண்டபத்துக்குத் தமிழ்ப் பள்ளி வந்து மூன்று மாதம்தான். பழைய இடத்தில் கூரை ஒழுகி மூடிவிட்டார்கள். இங்கே வாடகை பாதி. 'லாட்ஜ்' என்று பலகையில் போட்டிருந்ததைப் பார்த்து, ரூம் எடுத்துத் தங்குகிற இடம் என்றுதான் உஷா முதலில் நினைத்தாள். பிறகுதான் தெரிந்தது, அது தென்சிலுவை மண்ணின் மைந்தர் சகோதர சங்கம். நூற்றிருபது வருடத்துக்கு முன் தொடங்கியது. இந்த மண்ணில் பிறந்தவர்கள் மட்டும் சேரலாம். கப்பலில் வந்திறங்கிய தங்கள் சொந்தத் தகப்பன்மாரைக்கூட அவர்கள் உள்ளே விடவில்லையாம். சீனரையும் இந்தியரையும் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல், நாட்டுக்கு ஒரே முகம்தான் வேண்டும் என்ற தீர்மானம், எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. சுவரில் இருபத்திரண்டு பேர் சட்டகங்களுக்குள் நின்றார்கள். கறுப்புக் கோட்டு, தோளில் நீலப் பட்டை, ஒரே மாதிரி மீசை. மண்ணின் மைந்தராம், அதில் இந்த மண்ணின் ஆதிக்குடியான மாவோரி முகம் ஒன்றுகூட இல்லை. வெட்கம் கெட்டவர்கள் என்று உஷா அன்றைக்கே மனதுக்குள் திட்டினாள். படங்களைக் கழற்றக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் முதல் நிபந்தனை.

அப்படித் திட்டியவள்தான் அவர்களுக்கே சோறு படைத்தாள். பள்ளிக்குப் பொறுப்பாக அவளோடு நிற்கும் கோயம்புத்தூர்க்காரர் சுப்பிரமணியன்தான் பேச்சைத் தொடங்கியது.

"செத்தவங்க படத்துக்குக் கீழ குழந்தைங்கள உக்கார வெச்சுட்டு, ஒரு பொட்டு இல்லாம, ஒரு விளக்கு இல்லாம இருக்கிறது நல்லால்லைங்க. யாரா இருந்தா என்ன, பெரியவங்கதானே?" என்றவர், ஏணி போட்டு இருபத்திரண்டு கண்ணாடியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நடுவில் இருந்த தலைவருக்கு ஒரு சாமந்தி மாலையும் போட்டார். ஆடி அமாவாசை அன்று அப்பாவுக்குச் சமைத்ததில் ஒரு பங்கை உஷா இங்கே கொண்டுவந்தாள்.

அவளுக்கு வேறு காரணமும் இருந்தது. அதற்கு முந்தின வாரம் எட்டு வயது பிரணவி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். நீ உண்மையில் எந்த ஊர், உன் ஊருக்குத் திரும்பிப் போ என்று ஒருத்தி சொல்லிவிட்டாளாம். "பட் ஐ வாஸ் போர்ன் ஹியர், அம்மா," என்று விக்கி விக்கிச் சொன்னது பிள்ளை. தகப்பன் நிமலன் மெல்பர்னுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு வீடு வைத்துக்கொண்டு இரண்டு வருடம். இந்த ஒன்றைத் தவிர உஷாவுக்கு உலகத்தில் யாரும் இல்லை. அதனால்தான் வியாழக்கிழமை இலையின் முன்னால் கண்ணை மூடி நின்று, அப்பாவிடம் கேட்பதைப்போல அந்தச் சுவரிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

"என்ர பிள்ளை இந்த மண்ணிலதான் பிறந்தது. உங்கட பிள்ளையா ஏற்றுக்கொள்ளுங்கோ. இனி ஒருத்தரும் அவளைப் போ எண்டு சொல்லக் கூடாது."

இரண்டு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். மற்ற நாட்களில் பன்னிரண்டு பேரும் சப்பாத்தை மூலைக்கொன்றாய் உதைத்து எறிந்துவிட்டு ஓடுவார்கள். யார் கத்துகிறது, யார் கடிக்கிறது என்றே தெரியாது. இன்று அவள் வெண்பலகையில் பாடத்தை எழுதி முடித்துத் திரும்பியபோது சத்தமே இல்லை. சுவரோரம் போட்டிருந்த நீள வாங்குகளில், உயரப்படி வரிசையாக, முழங்காலில் கை வைத்து, பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. எங்கோ ஈரக் கம்பளித் துணி காய்கிற நாற்றம், அதோடு சப்பாத்துக்குப் பூசும் மெழுகின் நாற்றம், அடியில் அந்தப் புகையிலை. அவள் பெயர் கூப்பிட்டாள். "பிரணவி" என்றபோது மகள் நிமிர்ந்து பார்த்தாள். ஆனால் தன் பெயர் என்று பார்க்கவில்லை. யாரோ அந்நிய பாஷையில் ஏதோ கேட்டதைப்போலப் பார்த்தாள்.

"என்ன விளையாட்டு இது? எல்லாரும் கூப்பிட்டா ஓம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்."

பதினொரு பேரும் ஒன்றாகத் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டாவது பிள்ளை வெளியே நின்றது. சுப்பிரமணியனின் மகள் ஸ்ருதி, மூன்று வயதில் கோயம்புத்தூரிலிருந்து வந்தவள்; மற்றவர்கள் எல்லோரும் இங்கே பிறந்தவர்கள். மழையில் தலை நனைய, வாசல் படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை வெளியில நிக்கிறாய்? உள்ள வா."

"வரக்கூடாதாம், ஆன்ட்டி. எனக்குச் சீட் இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

ஸ்ருதி உள்ளே கை நீட்டினாள். பிள்ளைகளை நோக்கி நீளவில்லை கை. அவர்களுக்கு மேலே, சுவரில் இருந்த படங்களைக் காட்டியது.

உஷா அன்றைக்கு அரை மணி நேரத்திலேயே பள்ளியை விட்டுவிட்டாள். போகும்முன் ஈரத் துணியை எடுத்து, படங்களில் இருந்த பொட்டுகளை அழிக்கப் போனாள். துடைத்தாள். குங்குமம் வரவில்லை. நகத்தால் சுரண்டினாள். கண்ணாடி வழுவழுவென்று இருந்தது. பொட்டு கண்ணாடிக்கு உள்பக்கம் இருந்தது. இருபத்திரண்டும்.

வீட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரப்போகிறது, அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பிரணவி சோற்றைத் தொடவில்லை. திங்கட்கிழமை குளியலறை எங்கே என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து, உஷா வேலைக்குப் போடும் சப்பாத்து முதற்கொண்டு எல்லாவற்றையும் வாசலில் வரிசையாக வைத்து மெழுகு பூசிக்கொண்டிருந்தாள். மெழுகு எங்கிருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை. பாட்டனி டவுன்ஸில் தான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அன்று உஷா இரண்டு பேருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்து, ஓடிப்போய்த் திருப்பி வாங்கினாள். யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

செவ்வாய் மாலை தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். பிரணவி வந்து எதிரே உட்கார்ந்தாள். முதுகு நேராக, கை இரண்டும் முழங்காலில். வீட்டுக்கு வந்த ஒருவரிடம் பேச்சுக்குக் கேட்பதைப்போல, மிக மரியாதையாக, பழைய பாணி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நீங்கள் இங்கே எவ்வளவு நாள் தங்குவதாக உத்தேசம், அம்மணி?"

தோசை கருகியது. உஷா அடுப்பை அணைக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, "நான் உன்ர அம்மாடி, என்ர குஞ்செல்லே, அம்மாவைப் பாரடி," என்று கத்தினாள். அந்தச் சின்ன உடம்பு அணைப்புக்குள் விறைத்துக் கிடந்தது. அவள் விடும்வரை பொறுமையாகக் காத்திருந்தது.

புதன்கிழமை மண்டபத்தின் பொறுப்பாளர் கிளைவைத் தேடிப் போனாள். மண்டபத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். எண்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர். முதல் நாள் சாவி கொடுத்தபோதும் வாசல் படிக்குக் கீழே நின்றுதான் நீட்டினார். முழங்கால் வலி என்று அவள் நினைத்திருந்தாள்.

"சாப்பாடு வைத்தீர்களா?" அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கேட்டார். முகம் வெளிறிவிட்டது. "அவர்களுக்கா? கேட்டு வேறு வைத்தீர்களா?"

"எங்கள் வழக்கம் அது. செத்தவர்களுக்கு…"

"நான் அறுபது வருடமாக இந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கோப்பை தேநீர்கூட வைத்ததில்லை."

அவர் கப்பலில் பிறந்தவர். கரையைத் தொட இரண்டு நாள் இருந்தபோது. மூன்று வயது இளையவனான தம்பி இங்கே பிறந்தான். தகப்பன் அவனை மண்டபத்தில் கொண்டுபோய் விட்டார், பிள்ளைக்கு ஒரு இடம் கிடைக்கட்டும், நாளைக்கு வேலைவெட்டி கிடைக்கட்டும் என்று. கிளைவுக்குக் கிடைத்தது வாசலைக் காவல் காக்கும் வேலை.

"அடுத்த கோடையில் என் அம்மா தெருவில் அவனைக் கூப்பிட்டாள். தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை."

"எப்படித் திருப்பி எடுப்பது? சொல்லுங்கள், ஐயா. காலில் விழுகிறேன்."

கிளைவ் அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாமல் போய்த்தான் சங்கம் செத்தது, அம்மா. ஒருவர் கூட மிஞ்சவில்லை. இப்போது பதினொரு பேர். நீங்களே கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள்."

அன்றிரவே சுப்பிரமணியனுக்குப் போன் செய்தாள். மற்றப் பெற்றோரும் அவரை அழைத்திருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் இதே கதை. அவர் வீட்டில் மட்டும் ஸ்ருதி எப்போதும்போல டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னால ஆன தப்புங்க," என்று அழுதார். "நல்லதுன்னு நெனச்சுத்தானே பொட்டு வெச்சேன். குழந்தைங்க நல்லாருக்கணும்னுதானே."

"உங்கட பிள்ளை உங்களை அப்பா எண்டு கூப்பிடுதெல்லோ?" என்றாள் உஷா. அவளுக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு போனை வைத்துவிட்டுத் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். பொட்டு வைத்தவர் அவர். கேட்டது இவள்.

எள்ளும் தண்ணீரும் இறைத்து, வந்தவர்கள் வந்த வழியே போகட்டும் என்று சொல்லி அனுப்புவது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த பரிகாரம். வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குப் போனாள். சாவி திரும்பியது. கதவு திறந்தது. படியில் காலை வைத்தாள். உள்ளே போக முடியவில்லை. யாரும் தடுக்கவில்லை, எதுவும் தள்ளவில்லை. கால் எழவில்லை. உள்ளே இருட்டில் இருபத்திரண்டு நெருப்புப் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்து மங்கின, சுருட்டை இழுத்து விடுவதுபோல. எள் கையிலிருந்து கொட்டியது. வந்த வழியே போகட்டுமென்று யாரைப் பார்த்துச் சொல்வது? அவர்கள் எங்கிருந்தும் வரவில்லையே. அவள்தானே வந்தவள்.

சனிக்கிழமை எல்லாக் கதவையும் பூட்டினாள். பிரணவியின் அறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணிக்குப் பிள்ளை கட்டிலில் இருந்தாள். ஒன்று பத்துக்கு எட்டிப் பார்த்தாள். கட்டில் காலி. ஜன்னல் திறந்திருந்தது.

காரை எடுத்தாள். சிவப்பு விளக்குகளைத் தாண்டினாள். யாரோ ஹார்ன் அடித்துத் திட்டினார்கள். மழை. வைப்பர் போதவில்லை. மண்டபத்துக்குப் போகும் தெருவின் முனையில் கண்டாள். மழைக்கோட்டு இல்லாமல், வீதி ஓரமாக, அவசரம் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது பிள்ளை. அவளுக்கு முன்னால் பள்ளியின் இன்னும் மூன்று பிள்ளைகள். ஒரே நடை. ஒரே கால்.

பிடித்து இழுத்தாள். பின் சீட்டில் போட்டுப் பெல்ட்டைக் கட்டினாள். தெற்கே போய்விட வேண்டும். ஹாமில்டன், அதற்கும் அப்பால், எங்காவது. மண்டபத்தின் கண் படாத இடத்துக்கு.

"பயப்பிடாதை செல்லம். அம்மா இருக்கிறன். அம்மா இருக்கிறன்."

பின்னாலிருந்து புகையிலை மணம் மட்டும் வந்தது. கார் முழுக்க.

ஷாப்பிங் சென்டருக்கு முன்னாலுள்ள சிக்னலில் நிற்க வேண்டியதாயிற்று. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். கிளிக். பெல்ட் கழன்ற சத்தம். கதவு. திரும்புவதற்குள் பிரணவி நடைபாதையில் நின்றாள். நேரே மூலையிலிருந்த டெய்ரிக்குள், அந்தச் சின்ன மளிகைக் கடைக்குள், போனாள். காரை நடுத்தெருவில் அப்படியே விட்டுவிட்டு உஷா ஓடினாள்.

உள்ளே ஓர் இளம் போலீஸ்காரி காப்பிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். பிரணவி அவள் பக்கத்தில் போய் நின்று, தெளிவாக, கொஞ்சமும் அழாமல் சொன்னாள்.

"மன்னிக்கவும். இந்த அம்மணியை எனக்குத் தெரியாது. என்னைத் தன் வண்டியில் ஏற்றிவிட்டார்."

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவிலிருந்த குஜராத்திக்காரர் மெல்ல ஓரடி பின்னால் போனார். தலைவிரி கோலம், காலில் வீட்டுச் செருப்பு. தன்னை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது உஷாவுக்குத் தெரிந்தது.

"என் மகள். என் சொந்த மகள். பெயர் பிரணவி. உடம்பு சரியில்லை."

"உன் பெயர் என்னம்மா?" போலீஸ்காரி குனிந்து கேட்டாள்.

பிள்ளை வேறு ஒரு பெயரைச் சொன்னது. பழைய ஆங்கிலப் பெயர்.

போலீஸ்காரி நல்லவள்தான். குரலை உயர்த்தவில்லை. உஷாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே வந்து நின்றாள், அவ்வளவுதான். "பதற வேண்டாம். ஏதாவது காட்ட முடியுமா? போனில் படம் இருந்தால் போதும்."

படம்! ஏன் அது தோன்றவில்லை? ஆயிரம் படம் இருக்கிறதே. "இருக்கிறது, இருக்கிறது. பிறந்த நாளில் எடுத்ததே இருக்கிறது. நான் கட்டிலில் படுத்திருப்பேன், பிள்ளை என் நெஞ்சில் இருக்கும். தாதிதான் எடுத்துத் தந்தாள். பாருங்கள்." ஈரக் கையில் போன் வழுக்கியது. திறந்தாள்.

போன மாதப் பிறந்தநாள். கேக் வெட்டுகிறாள் பிரணவி. கையைப் பிடித்திருப்பது ஒரு கறுப்புக் கோட்டின் கை.

தள்ளினாள். பள்ளிக்கூடத்தின் முதல் நாள். பிள்ளையின் தோளில் ஒரு நீலப் பட்டை உரசுகிறது.

தள்ளினாள். கடற்கரை. ஊஞ்சல். முதல் அடி எடுத்து வைத்த நாள். ஒவ்வொன்றிலும் அவள் நின்ற இடத்தில் வேறொருவர். கறுப்பு. மீசை. தள்ளினாள். தள்ளினாள். எட்டு வருடம் விரலுக்கடியில் ஓடியது.

கடைசிப் படம். ஆஸ்பத்திரி அறை. சுவரில் கடிகாரம், நாலு பத்து. அவளுக்கு நினைவிருக்கும் அதே கடிகாரம், அதே தண்ணீர்க் குவளை, அதே மஞ்சள் போர்வை. போர்வைக்குள் அவளுடைய பிள்ளை, இன்னும் கண் திறக்காமல். நடுச் சட்டகத்துத் தலைவர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே பார்க்கிறார். சிரிக்கிறார்.

"அருமையான படம்," என்றாள் போலீஸ்காரி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "தாத்தாவா? அவருக்கு ஒரு போன் போடலாமா? இப்போது எங்கே இருக்கிறார்?"

"எனக்காகக் காத்திருக்கிறார்," என்றாள் பிரணவி. "அந்தத் தெரு முனையில்தான்."

உஷா அதைக் கேட்கவில்லை. அவள் படத்தில் அந்த மனிதருக்குப் பின்னால் இருந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை விரிப்பை நான்கு மூலையிலும் இழுத்துச் செருகியிருந்தார்கள். தலையணையில் பள்ளம் இல்லை. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. யாரும் ஒருபோதும் அதில் படுத்திருக்கவில்லை.